சாயத்தைப் பிடித்து வைப்பது எது?

"சட்டையில் பூ அச்சடிக்கத் தனியாகத் துணிப் பெயிண்ட் எதற்கு? வீட்டில் இருக்கிற எந்தப் பெயிண்டும் மையும் போதும். வினிகரில் ஒரு முறை அலசினால் நின்றுவிடும்." கைவேலை பழகுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இதை நம்பி நல்ல துணிகள் பாழாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

"ஆக்ரிலிக் எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். துணிப் பெயிண்டிலும் பெரும்பாலும் ஆக்ரிலிக் பசைதான் இருக்கிறது. ஆனால் படம் வரையும் ஆக்ரிலிக் காய்ந்தால் விறைக்கும். துணிப் பெயிண்டின் பசை நூலோடு சேர்ந்து வளையும். அக்கா மகளின் பருத்திக் குர்தாவில் நானே சாதாரண ஆக்ரிலிக்கில் மாங்காய் அச்சுப் போட்டேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது. நான்காம் சலவையில், முழங்கை மடியும் இடத்து மாங்காய்கள் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தன. கையில் ஆக்ரிலிக்தான் இருக்கிறதென்றால், துணிக்கென்றே விற்கும் மீடியத்தைக் கலந்துகொள்ளுங்கள்.

"ஸ்டாம்ப் பேட் மை அழியாது" என்பது அடுத்தது. காகிதத்தில் அழியாதுதான், காகிதத்தை யாரும் துவைப்பதில்லையே! பேட் காயாமல் இருக்கவே அந்த மையில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். தண்ணீரில் கரையும் சாதாரண மை, துணியில் பட்டதும் நூல் வழியே ஊறிக் கோடுகளைக் கலைக்கும். முதல் அலசலிலேயே கசியும். துணிக்கென்று செய்த மை வேறு.

"வினிகரும் உப்பும் சாயத்தை நிறுத்தும்" என்பதுதான் ஆழமாக வேரூன்றிய தவறு. வினிகர் உதவுவது பட்டு, கம்பளியில் ஏறும் அமிலச் சாயங்களுக்கு. உப்பும் சோடா ஆஷும் பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றும் தொட்டிக்கு உரியவை. பெயிண்டோ நாரோடு வேதிமுறையில் கலப்பதில்லை, பசையால் ஒட்டி நிற்கிறது. அந்தப் பசையை இறுக்குவது சூடு. ஒரு நாள் காயவிட்டு, நீராவி இல்லாமல், துணியின் மறுபக்கத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சில நிமிடம் ஓட்டுங்கள். பாலியெஸ்டருக்குச் சூட்டைக் குறையுங்கள். சரியான நேரம் டப்பாவிலேயே இருக்கும்.

"அந்தக் காலத்தில் சாயத்தில் தோய்த்துக் குத்தினார்கள், நிற்கவில்லையா?" என்றும் கேட்பார்கள். மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் அச்சுக் கலம்காரி செய்வோரைப் பாருங்கள். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் கட்டையால் ஒற்றுவது சிவப்புச் சாயத்தை அல்ல, பசை சேர்த்த படிகாரக் கரைசலை. பிறகு சாயத்தில் வேகவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்கிறது. கறுப்புக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசல். கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து கறுக்கிறது. நிறத்துக்கு முன் பிடிப்பைத் தேடியவர்கள் அவர்கள்.

கடையில் நிறத்தைப் பார்க்கும் முன், நம் துணியில் இதைப் பிடித்து வைப்பது எது என்று கேளுங்கள். பிறகு அதே துணியில் ஒரு துண்டை எடுத்து, கஞ்சி போக அலசிக் காயவைத்து, ஸ்பாஞ்சால் கட்டையில் மெல்லிசாகப் பூசி அச்சடியுங்கள். சூடு காட்டி ஐந்து முறை துவையுங்கள். அந்தத் துண்டு தாங்கினால் மட்டும் சட்டையில் கை வையுங்கள்.