விடுப்புக் கடிதத்தில் ஏன் எப்போதும் காய்ச்சல்?

1/ கொஞ்சம் நீளமான இழை. டாக்டர் எழுதுறதால மருந்து, மாத்திரை பத்தின்னு நினைச்சிடாதீங்க. இது 6, 7, 8ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடம் பத்தினது. ‘அங்க உனக்கென்ன வேலை?’ன்னு கேட்கத் தோணும். முழுசா படிச்சிட்டுக் கேளுங்க.

2/ ஏழாம் வகுப்புப் பையன். (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) பள்ளிக்கூடத்துல இருந்து நேரா, யூனிஃபார்மும் புத்தகப் பையுமா அம்மா கூட்டிட்டு வந்தாங்க. “ரெண்டு நாளா வயித்து வலிங்குறான் சார். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன், கேக்கல.”

3/ “எங்க தம்பி வலிக்குது?”
“வயித்துல.”
“எப்ப ஆரம்பிச்சுது?”
அம்மா முகத்தைப் பார்க்கிறான்.
“எப்படி வலிக்குது?”
“வலிக்குது சார்.”
அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. மீதியை அம்மாதான் சொன்னாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

4/ கை வெச்சுப் பார்த்தா வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. குடல்வால் வெடிச்சிருந்தது. ஆபரேஷன், அப்புறம் ஒன்பது நாள் வார்டு. பையன் தேறிட்டான், அந்தக் கவலை வேண்டாம்.

5/ நாலாம் நாள் பக்கத்துல உட்கார்ந்து, அவசரப்படாம, ஒவ்வொண்ணாக் கேட்டேன். முதல் நாள் காலையில தொப்புளைச் சுத்தி வலிச்சிருக்கு. ராத்திரி வலி வலது பக்கம் கீழே இறங்கியிருக்கு. மறுநாள் பஸ் படியில இருந்து குதிச்சப்ப உயிர் போற மாதிரி இருந்திருக்கு. குடல்வால் அழற்சிக்கு மருத்துவப் புத்தகத்துல இருக்குற அதே வரிசை. எல்லாம் அவனுக்குத் தெரியும். ‘முதல்ல இப்படி, அப்புறம் இப்படி’ன்னு யார்கிட்டயும் சொல்லத்தான் வரல.

6/ கட்டில் மேல அவனோட தமிழ் நோட்டு கிடந்தது. புரட்டினேன். வகுப்பாசிரியருக்கு விடுப்புக் கடிதம். எனக்குக் கடுமையான காய்ச்சலாக உள்ளதால் இரண்டு நாள்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிழை இல்லை. சிவப்பு மையில் ‘மிக நன்று’.

“உனக்குக் காய்ச்சல் வந்துச்சாடா?”
“இல்ல சார். அப்படித்தான் எழுதணும். போர்டுல எழுதிப் போட்டாங்க.”

7/ யோசிச்சுப் பாருங்க. நீங்களும் இதே கடிதத்தைத்தான் எழுதினீங்க, நானும்தான். வகுப்புல நாப்பது பேருக்கும் ஒரே நாள், ஒரே காய்ச்சல். ஒருத்தனுக்குக் கூட பல்வலி கிடையாது. ஒருத்தி வீட்டுலயும் பாட்டி சாகல. பிள்ளை தன் வாழ்க்கையைத் தன் வார்த்தையில சொல்லக் கிடைச்ச ஒரே ஒரு வாய்ப்பையும் போர்டுல எழுதிப் போட்டு மூடிட்டோம்.

8/ என் குற்றச்சாட்டு இதுதான். நடுநிலை வகுப்புகளில் நாம மொழி சொல்லிக்கொடுக்கிறதில்லை. அடுத்தவன் எழுதினதைப் பிழையில்லாமத் திருப்பி எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். வினா விடை நோட்ஸ்ல இருக்கு. கட்டுரை முன்னுரையில இருந்து முடிவுரை வரைக்கும் கைடுல இருக்கு. பிள்ளை அதை மனப்பாடம் பண்ணுது. நாம அதுக்கு மார்க் போட்டு ‘தமிழ்ல நல்லாப் படிக்கிறான்’ங்குறோம்.

9/ ஒரு உதாரணம், இரட்டைக்கிளவி. ‘இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது’ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா தலைவலின்னு வந்து நிக்கிற பிள்ளைக்கு ‘விண்விண்ணுன்னு தெறிக்குது’ன்னு சொல்லத் தெரியல. எனக்கு அந்த ‘விண்விண்’தான் வேணும். அது வேற வலி. பாரமா அழுத்துற வலி வேற.

10/ வலிக்குத் தமிழ்ல எத்தனை சொல் இருக்குன்னு உங்க அப்பத்தாவைக் கேளுங்க. குத்துது, பிசையுது, எரியுது, சுருக்குங்குது, கடுக்குது, இழுக்குது, குடையுது. ஒவ்வொண்ணும் எனக்கு ஒவ்வொரு திசை காட்டும். விட்டு விட்டுப் பிசைஞ்சா குடலைப் பார்ப்பேன், சிறுநீர் போகும்போது எரிஞ்சா கிருமித் தொற்றைப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகாத கிழவி இதையெல்லாம் சரளமாச் சொல்றாங்க. ஏழு வருஷம் தமிழ் படிச்ச பேரன் ‘வலிக்குது’ன்னு நிறுத்திக்கிறான். இங்கிலீஷ் மீடியம் பேத்தி ‘பெயின்’னு நிறுத்திக்கிறா.

11/ இது ஒண்ணும் இலக்கிய ஆசை இல்லை. 1975ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது. புதுசா வந்த புறநோயாளிகள் 80 பேர். அதில் 66 பேருக்கு நோயாளி சொன்னதை வெச்சே (கூடவே அனுப்பின டாக்டரோட கடிதம்) நோய் சரியா முடிவாயிடுச்சு. ஸ்கேன் எவ்வளவு வந்தாலும் இன்னைக்கும் எங்க முதல் கருவி நோயாளியோட வாய்தான்.

12/ ‘வயித்து வலி’ங்குற ஒரே மூடிக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்கு தெரியுமா? முதல் மாதவிடாய். பரீட்சை பயம். விதைப்பை முறுக்கிக்கிட்ட வலி. இந்த வயசுப் பையன்கள் வெட்கப்பட்டு ‘அடிவயிறு’ன்னு சொல்லிடுவாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள சரி பண்ணலைன்னா விதையைக் காப்பாத்துறது கஷ்டமாயிட்டே போகும். சில நேரம், யாரோ ஒருத்தரோட கை. 1098ன்னு போஸ்டர் ஒட்டுறோம். போன் போட்ட பிறகு நடந்ததை எந்த வார்த்தையில சொல்றதுன்னு எந்த வகுப்புல பழக்கினோம்?

13/ வெட்கமும் பயமும் காரணம் இல்லையான்னு கேட்டீங்கன்னா, நிச்சயமா காரணம். அதையெல்லாம் தமிழ் டீச்சர் தலையில கட்ட நான் வரல. ஆனா வாரத்துக்கு ஒரு நாளாவது தனக்கு நடந்ததைச் சொல்லி, நாலு பேர் கேட்டுப் பழகின பிள்ளைக்கு அந்த வெட்கத்தைத் தாண்டுறது கொஞ்சம் சுலபம்.

14/ ‘டாக்டர், முதல்ல பிள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டியே படிக்க வரல’ம்பீங்க. தெரியும். 2022 ஏசர் அறிக்கைப்படி இந்தியக் கிராமப்புறத்துல 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பத்துல மூணு பேருக்கு 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரல. அதே பிள்ளை நோட்டுல காய்ச்சல் கடிதம் மட்டும் பிழையில்லாம இருக்கும். பார்த்து வரையுது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாததை மறைக்கிற திரையே இந்த போர்டு எழுத்துதான்.

15/ பாடப்புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2018ல் தொடங்கி வந்த புதுப் புத்தகங்கள்ல ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ன்னு பகுதிகள் இருக்கு. பேசச் சொல்லுது, சொல்லக் கேட்டு எழுதச் சொல்லுது. எடுத்துப் பாருங்க, அருமையா இருக்கும். உங்க பிள்ளை வகுப்புல அது நடக்குதான்னும் கேளுங்க. பல இடத்துல ‘பரீட்சைக்கு வராது’ன்னு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போறாங்க. தனியார் பள்ளின்னா தமிழ் பீரியடே கணக்குக்குப் போயிடும்.

16/ ஆசிரியர்கள் மேல பாயாதீங்க. நாப்பது நோட்டு, அஞ்சு வகுப்பு, பதிவேடு, ஆப், இதுக்கு நடுவுல நிக்கிறாங்க. சொந்தமா எழுதவிட்டா மார்க் குறையும், குறைஞ்சா முதல்ல சண்டைக்குப் போறது பெத்தவங்க நாமதான். எங்க தரப்பும் யோக்கியம் இல்லை. பிள்ளை எதிர்ல இருக்கும்போதே அம்மாவைப் பார்த்து ‘என்ன பண்ணுது இவனுக்கு?’ன்னு கேட்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. எங்க கையெழுத்தைப் பத்தி நீங்க சொல்ற எதையும் மறுக்கவும் மாட்டேன்.

17/ என்ன செய்யலாம்? பெருசா திட்டம் எதுவும் வேண்டாம்.
ஒண்ணு: வாரம் அஞ்சே வரி. ‘நேத்து எனக்கு என்ன நடந்தது’, நடந்த வரிசையில. வீட்டுப் பேச்சுல எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துத் தமிழ் பின்னாடி வரும்.
ரெண்டு: அந்த அஞ்சு வரியில ண, ன, ர, ற எல்லாத்தையும் சிவப்பு மையில வட்டம் போடாதீங்க. ஒரு வாரம் ஒரே ஒரு பிழை. நோட்டு முழுக்க ரத்தமா இருந்தா அடுத்த வாரம் பிள்ளை ரெண்டு வரிதான் எழுதும்.
மூணு: கேள்வித்தாள்ல எந்தக் கைடுலயும் இல்லாத ஒரு கேள்வி. பாட்டி சமையல் எப்படி மணக்கும்னு கேளுங்க. மனப்பாடம் பண்ண முடியாததுக்கு மார்க் இருந்தா வகுப்பு தன்னால மாறும்.
நாலு: விடுப்புக் கடிதத்துல உண்மையான காரணம்.

18/ பெத்தவங்களுக்கு: அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது முதல் ஒரு நிமிஷம் நீங்க பேசாதீங்க. பிள்ளை பேசட்டும். திக்கட்டும், தப்பாச் சொல்லட்டும். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும் ‘அவனையே கேளுங்க சார்’னு சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.

19/ இன்னைக்கு ராத்திரி உங்க பிள்ளையோட தமிழ் நோட்டை எடுங்க. மார்க்கைப் பார்க்காதீங்க. இந்த வருஷம் அதுல தானா யோசிச்சு எழுதின ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. இருந்தா அந்த டீச்சரைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல எழுந்து இதை ஒண்ணை மட்டும் கேளுங்க.

20/ அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கு ஒரு தாள் கொடுத்து, லீவ் லெட்டரை அவனையே எழுதச் சொன்னேன். ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சான். ‘எனக்கு குடல் வெடிச்சிருச்சு ஐயா. முதல்ல தொப்புள்ள வலிச்சுது’ன்னு ஆரம்பிச்சிருந்தான். அரை பக்கம், பதினோரு பிழை. டீச்சர் அதுக்கு என்ன போட்டாங்கன்னு தெரியாது. நானா இருந்தா பத்துக்குப் பத்து.