தவணையும் தள்ளுபடியும்: நம் பிள்ளைகளுக்கு வீட்டுக் கணக்கு தெரியுமா?

'பிரதம்' தொண்டு நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளிடம் 'ஏசர்' ஆய்வை நடத்தியது. அதன் அறிக்கை 2024 ஜனவரியில் வெளியானது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 34,000-க்கும் அதிகமான பிள்ளைகள் இதில் பங்கேற்றார்கள். மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் அவர்களில் சுமார் 43 விழுக்காட்டினர் மட்டுமே. அன்றைய நாளிதழ்கள் இதைத்தான் தலைப்பாக்கின.

ஆனால் நாம் கவலைப்பட வேண்டிய எண் அந்த அறிக்கையில் இன்னும் உள்ளே இருக்கிறது. கழித்தல் வரையாவது தெரிந்த பிள்ளைகளிடம் அன்றாட வாழ்வின் பணக் கணக்குகள் சிலவற்றைக் கொடுத்தார்கள். கையிலுள்ள பணத்துக்குள் செலவை அடக்கும் கணக்கை 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சரியாகச் செய்தார்கள். தள்ளுபடி போக விலை எவ்வளவு என்பதைச் சொன்னவர்கள் சுமார் 37 விழுக்காடு. வாங்கிய கடனுக்கு மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைச் சொன்னவர்களோ சுமார் 10 விழுக்காடுதான்!

இன்னும் சில ஆண்டுகளில் இந்தப் பிள்ளைகள்தான் வண்டி வாங்கவும், கைப்பேசி வாங்கவும், கடை வைக்கவும், கல்யாணம் செய்யவும் கையெழுத்துப் போடப் போகிறார்கள். எந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்றால், மற்ற ஒன்பது பேரும் எதிரில் இருப்பவர் சொல்லும் கணக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

'பள்ளிக்கூடத்தில் நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைக்கத் தோன்றும். பாதி உண்மைதான். மறுபாதியை 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதில் பங்கேற்றவர்கள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை அவர்கள் சோதித்தார்கள்.

காய்கறி விற்கும் அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய அனைவரும் எடை, விலை, மீதிச் சில்லறை ஆகியவற்றை மனக்கணக்காகவே போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே அளவு கடினமான கணக்கை, ஏன், அதைவிட எளிய கணக்கைக்கூட, பள்ளிப் பாடநூல் பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தால் திணறுகிறார்கள். அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளின் நிலை இதற்கு நேரெதிர். தாளில் உள்ள எளிய கணக்குகளை அவர்கள் ஓரளவு நன்றாகச் செய்கிறார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் விடை சொன்ன ஒரு விற்பனைக் கணக்குக்கோ, பள்ளிப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரால்தான் விடை சொல்ல முடிந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. நோட்டுக் கணக்கு தானாக வாழ்க்கைக் கணக்காக மாறுவதில்லை. கணக்கில் 90 மதிப்பெண் வாங்கும் மகனுக்குத் தவணைச் சீட்டைப் படிக்கத் தெரியும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

நமது சமுதாயத்தில் ஒரு காலத்தில் இந்த இடைவெளியைக் கடைகள் நிரப்பின. பள்ளி விட்டு வந்த பிள்ளை வாப்பாவின் கடையில் நின்று கால், அரை, முக்கால் கணக்கையும் சில்லறைக் கணக்கையும் கைப்பழக்கமாகக் கற்றான். இன்று ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறோம். மீதிச் சில்லறை எண்ண வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. வசதி வந்ததில் தவறில்லை. ஆனால் அதோடு போன பயிற்சிக்கு ஈடாக நாம் என்ன கொடுத்தோம்?

கணக்கு தெரியாததன் விலை

ஒரு இலட்சம் ரூபாய் கடன். 'ஆண்டுக்கு 12 விழுக்காடுதான்' என்கிறார்கள். முழுத் தொகைக்கும் 12,000 ரூபாய் வட்டி சேர்த்து 12 தவணைகளாகப் பிரித்தால் மாதம் 9,333 ரூபாய். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். ஆறாம் மாத முடிவில் கடன்காரர் கையில் இருப்பது 50,000 ரூபாய்தான். ஆண்டு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் அவர் பயன்படுத்தியது சுமார் 54,000 ரூபாய். கட்டிய வட்டியோ முழு இலட்சத்துக்கும். ஆக உண்மையான விகிதம் 12 அல்ல, சுமார் 22 விழுக்காடு.

தினத்தண்டல் இதைவிட மோசம். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'தினம் நூறு ரூபாய்தானே' என்ற பேச்சில் விகிதம் மறைந்துவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

வட்டி ஹராம் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் இன்றைய சந்தையில் வட்டி தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. செயலாக்கக் கட்டணம், சேவைக் கட்டணம், 'வட்டியில்லாத் தவணை' என்று பல பெயர்களில் வருகிறது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்யப்படும் பல திட்டங்களில் வங்கி வட்டியை வாங்கவே செய்கிறது. அதற்கு ஈடான தொகை பொருளின் விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. வட்டிக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டி வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது. எதை விட்டு விலக வேண்டும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும்.

தள்ளுபடியிலும் இதே கதைதான். பெருநாள் நேரத்தில் துணிக்கடையில் '50 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு' என்று எழுதியிருந்தால் பலர் 70 என்று கூட்டிவிடுகிறார்கள். 1,000 ரூபாய்த் துணி முதலில் 500 ஆகும். பிறகு அந்த 500-இல்தான் 20 விழுக்காடு குறையும். கட்ட வேண்டியது 400. மொத்தத் தள்ளுபடி 60 விழுக்காடுதான்.

நகைக்கடையில் இரண்டு பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம். 12 விழுக்காடு சேதாரம் என்றால் கிட்டத்தட்ட 2 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறோம். 18 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 3 கிராம். அந்த நகையை விற்கப் போகும்போது சேதாரம் திரும்பி வராது. 'ஆறு விழுக்காடுதானே வித்தியாசம்' என்று பேரம் பேசாமல் வருபவர் ஏறக்குறைய ஒரு கிராம் தங்கத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

மார்க்கக் கடமைகளிலும் கணக்கு உண்டு

ஸகாத்தின் இரண்டரை விழுக்காடு என்பது நாற்பதில் ஒரு பங்கு. 2,40,000 ரூபாயை 40-ஆல் வகுத்தால் 6,000. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே இது போதுமான கணக்குதான். இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஸகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. அது ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆண்டுதோறும் ஏப்ரலில் வியாபாரக் கணக்கு முடிக்கும்போதே ஸகாத்தையும் கணக்கிடுபவருக்கு 33 ஆண்டுகள் கடந்தால், சந்திரக் கணக்கில் 34 ஆண்டுகள் கடந்திருக்கும். ஓர் ஆண்டின் ஸகாத் அவருக்குத் தெரியாமலேயே விடுபட்டுப் போகிறது.

வாரிசுரிமையில் கணக்கு தெரியாதவர் இழப்பது இன்னும் பெரிது. ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். கடன், வஸிய்யத் எல்லாம் போக 40 இலட்சம் மிஞ்சுகிறது என்று வைப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 இலட்சம். மீதி 35 இலட்சத்தை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு 7 இலட்சம். மகன்களுக்குத் தலா 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம். அல்லாஹ் நிர்ணயித்த பங்கு இது. தன் பங்கு 7 இலட்சம் என்று அறியாத மகள், 'சீர் செய்தாகிவிட்டது' என்ற ஒரு வார்த்தைக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். அவள் மனமறிந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. கணக்கு தெரியாமல் இழந்தால் அது அநீதி.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது. இயற்கணிதத்துக்கு உலகம் இன்று வழங்கும் 'அல்ஜீப்ரா' என்ற பெயரும் அந்நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. கணிதம் நமக்கு அந்நியமானது அல்ல. பங்கு பிரிப்பதும் கடனைத் தீர்ப்பதும் நியாயமாக நடக்கவே நம் முன்னோர் அதை வளர்த்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

அரசு செய்வதும் நாம் செய்ய வேண்டியதும்

தமிழக அரசு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாடு தழுவிய அளவில் 2024-ஆம் ஆண்டின் 'ஏசர்' ஆய்வு முன்னேற்றத்தையும் காட்டுகிறது. வகுத்தல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2022-இல் 25.6 விழுக்காடாக இருந்து 30.7 ஆக உயர்ந்திருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனாலும் பத்தில் ஏழு பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கியும் ஒரு நல்ல விதியைக் கொண்டு வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுக்கும் முன், முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைத் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து உண்மையான ஆண்டு விகிதம் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஆனால் தாளைக் கொடுப்பது வரைதான் சட்டம் செய்யும். படித்துப் புரிந்துகொள்வது நம் வேலை.

இதற்குப் பெரிய செலவோ தனி வகுப்போ தேவையில்லை. மளிகைச் சீட்டின் மொத்தத்தைப் பார்க்கும் முன் தோராயமாக எவ்வளவு வரும் என்று பிள்ளையிடம் கேட்கலாம். மின்கட்டணம், எரிவாயு, பால் கணக்கை மாதம் ஒரு பிள்ளை எழுதட்டும். ரமழானில் வீட்டின் ஸகாத்தைப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கிடலாம். நகைக்கடைக்கும் வங்கிக்கும் மகனோடு மகளையும் அழைத்துப் போகலாம். கைப்பேசியில் கணக்குப் பார்ப்பதும் தவறில்லை. ஆனால் விடையை முதலில் மனதில் ஊகித்துவிட்டுப் பிறகு பார்க்கட்டும். அப்போதுதான் தவறான விடை கண்ணில் படும்.

ஜமாஅத்துகளும் இதில் கைகொடுக்க வேண்டும். மக்தப் மதரஸாக்களில் மாதம் ஒரு நாள் ஸகாத், வாரிசுரிமை, தவணைக் கணக்கு மூன்றையும் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நிக்காஹ் பதிவுக்கு வரும் இளம் தம்பதியருக்கு ஒரு மாதக் குடும்பக் கணக்கு எழுதும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். ஊரில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவராவது இருப்பார். கேட்டால் மறுக்க மாட்டார்.

நாளை ஒரு தவணைச் சீட்டோ, பாகப் பத்திரமோ நம் மகன் மகள் முன் நீட்டப்படும்போது, 'கொஞ்சம் பொறுங்கள், கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு வர வேண்டும். அந்தத் தைரியத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது பெற்றோராகிய நமது பொறுப்பு. இந்த மாத மளிகைச் சீட்டிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.