சிங்கம் பாத்தீங்களா?

கென்யா போய்ட்டு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல, அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல, ஊருக்கு போன் போட்டா அங்கேயும், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "சிங்கம் பாத்தீங்களா?"

பாத்தோம். பதினாலு. அடுத்த கேள்வி, "சிறுத்தை?" பார்க்கலைன்னு சொன்னதும் எதிராளி முகத்துல ஒரு பரிதாபம் வரும் பாருங்க... திருப்பதி வரைக்கும் போய்ட்டு லட்டு மட்டும் வாங்கிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

அந்தக் கேள்வி மேல எனக்கு இருக்கிற கடுப்புதான் இந்தப் பதிவு. முதல்லயே ஒத்துக்கறேன், பயணத்துல அந்தக் கேள்வியை அதிகமா கேட்டுத் தொலைச்ச ஆளு நான்தான்.

தங்கமணி அப்படி இல்லை. பள்ளிக்கூடத்துல வேடந்தாங்கல் கூட்டிட்டுப் போனதுல இருந்தே பறவைக் கிறுக்கு. நான் பொட்டி தட்டி, ஆணி புடுங்கிச் சேர்த்த லீவை எல்லாம் ஒண்ணாக் கோர்த்து ஜனவரில டிக்கெட் போட்டோம். ஏன் ஜனவரி? வைல்ட்பீஸ்ட் கூட்டம் ஆறு தாண்டற சீசன் ஜூலைக்கு அப்புறம். மசாய் மாராவுக்குள்ள நுழைய வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர்னு 2024-ல ஏத்தினது அந்த அரையாண்டுக்குத்தான். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். கணக்கு முடிஞ்சது. தங்கமணிக்கு வேற கணக்கு. ஐரோப்பாவுல குளிர் தாங்காம வந்த செங்கால் நாரைங்க, பஞ்சுருட்டான், தகைவிலான் எல்லாம் ஜனவரில அங்கேதான் இருக்கும்.

எங்களுக்கு வாய்ச்ச டிரைவர் ஐம்பது வயசுக்காரர், மசாய். பேரு வேண்டாம். கல்யாணமான பெண்களை மரியாதையா 'மாமா'ன்னு கூப்பிடறது அங்கே வழக்கம், சுவாஹிலில அம்மான்னு அர்த்தம். அவர் தங்கமணியைப் பார்த்து "மாமா, ஏறுங்க"ன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்போ நான் யாரு?

முதல் நாள் காலை, வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள நான் சொன்னது, "பிக் ஃபைவ் அஞ்சும் இன்னிக்கே பாத்துடணும். பாத்தா டிப்ஸ் நல்லா இருக்கும்." ஏதோ ஸ்பிரிண்ட் பிளானிங் மீட்டிங் மாதிரி.

இந்த பிக் ஃபைவ் எங்கேருந்து வந்துதுன்னு தெரியுமா? சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. அழகை வச்சோ அரிதுங்கறதை வச்சோ போட்ட லிஸ்ட் இல்லை. நடந்து போய்ச் சுடறதுக்கு ரொம்ப ஆபத்தானது இந்த அஞ்சுன்னு வெள்ளைக்கார வேட்டைக்காரங்க போட்ட லிஸ்ட். கென்யாவுல 1977-லயே வேட்டைக்குத் தடை வந்தாச்சு. துப்பாக்கி போய் கேமரா வந்தாச்சு. லிஸ்ட் மட்டும் அப்படியே நிக்குது, வேலையை விட்டுப் போன மேனேஜர் எழுதி வச்ச ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட் மாதிரி.

ஒன்பது மணி இருக்கும், ரேடியோ கரகரத்தது. டிரைவர் ஒரே வார்த்தைதான் சொன்னார், "டூமா." சிவிங்கிப்புலி. (நம்ம பத்திரிகைகள்ல இதையும் சிறுத்தைன்னே எழுதிக் குழப்புவாங்க. ரெண்டும் வேற வேற. 1952-ல இந்தியாவுல அற்றுப் போச்சுன்னு அறிவிச்சு, 2022-ல நமீபியால இருந்து குனோவுக்குக் கொண்டு வந்தோமே, அது.) அது பிக் ஃபைவ்ல கிடையாது. ஆனா பூனைன்னு ஒண்ணு இருந்தா நமக்கு லிஸ்ட்டெல்லாம் யாருக்கு வேணும்? பறந்தோம்.

போய்ப் பார்த்தா எங்களுக்கு முன்னாடியே கூட்டம். ஒரு விலங்கைச் சுத்தி 5 வண்டிக்கு மேல நிக்கக் கூடாதுங்கறது விதி. நான் எண்ணினேன், 22 வண்டி, எங்களோடதையும் சேர்த்து. நடுவுல ஒரு தாய், அரை மறைவா ரெண்டு குட்டி. கொஞ்ச தூரத்துல மான் கூட்டம். தாய் தரையோட தரையா ஒட்டி ஊர்ந்து ஊர்ந்து போகுது. இது ராத்திரி வேட்டைக்காரி இல்லை, பகல்லதான் வேட்டை. அதாவது நம்ம சஃபாரி நேரமும் அதுக்குச் சோத்து நேரமும் ஒண்ணு. எவ்வளவு வேகமா ஓடினாலும் சில நூறு மீட்டருக்கு மேல மூச்சு நிக்காது, அதனால மான் பார்க்காம கிட்டப் போனாத்தான் கதை நடக்கும்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்களேன்." சொன்னது நான். டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டியை எடுத்தார். எங்களைப் பார்த்து பக்கத்து வண்டி, அதைப் பார்த்து அடுத்தது. ஒரு மான் தலையைத் தூக்குச்சு, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எகிறிடுச்சு. தாய் எழுந்து நின்னு, மான் போன திசையைப் பார்க்காம எங்க வண்டிகளை ஒரு சுத்து பார்த்துட்டு, குட்டிங்க பக்கம் திரும்பி நடந்துது. என்கிட்ட 240 போட்டோ இருக்கு. பாதில பக்கத்து வண்டி டயர் இருக்கு.

ஊருக்கு வந்தப்புறம் தேடிப் படிச்சேன். அதே மாராவுல ஆராய்ச்சி பண்ணி 2018-ல ஒரு கட்டுரை வெளியிட்டிருக்காங்க. சுற்றுலா வண்டி அதிகமா சுத்தற பகுதிகள்ல ஒரு ஈத்துக்குச் சராசரியா 0.2 குட்டிதான் தனியா வாழற வயசு வரைக்கும் தப்பிக்குது. வண்டி குறைவான இடத்துல 2.3. பத்து மடங்குக்கும் மேல! அந்த ரெண்டு குட்டி இப்போ இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியப் போறதில்லை. ஆனா அந்த 0.2-ல என் பங்கு இருக்கு.

டிரைவர்களைத் திட்டறது ரொம்ப சுலபம். நிறைய பயணக் கட்டுரைல அதைத்தான் பண்றாங்க. சாயந்திரம் டீ குடிக்கும்போது இவர்கிட்டயே கேட்டேன். "ரேடியோவை அணைச்சிட வேண்டியதுதானே?" அவர் சிரிச்சார். நான் பார்த்ததை அடுத்தவனுக்குச் சொன்னாத்தான் அவன் பார்த்ததை எனக்குச் சொல்லுவான். நான் சொல்லலைன்னா நாளைக்கு என் கஸ்டமர் சிங்கம் பார்க்காம போவான், டிப்ஸ் கிடையாது, நெட்டுல ஒரு ஸ்டார் கொடுத்துட்டுப் போவான்.

நெட்வொர்க்ல வேலை பார்த்தவங்களுக்கு இது புரியும். பிராட்காஸ்ட் ஸ்டார்ம்! ஒவ்வொரு மெஷினும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, வந்த பாக்கெட்டை விடாம அடுத்தவனுக்கு அனுப்புது. மொத்த நெட்வொர்க் மட்டும் படுத்துடும். இங்கே அந்த முதல் பாக்கெட்டை உள்ளே தள்றது பின்சீட்டுல உட்கார்ந்திருக்கிற நாமதான். காலைல வண்டி ஏறினதும் சொல்ற அந்த ஒத்தை வாக்கியம்.

ரெண்டாம் நாள் அந்த வாக்கியத்தைத் தங்கமணி சொன்னா. "எங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. பறவை பார்க்கலாமா?"

டிரைவர் திரும்பி அவளைப் பார்த்தார். அப்புறம் சீட்டுக்கு அடில கையை விட்டு, அட்டை கிழிஞ்சு செல்லோடேப் போட்டு ஒட்டின ஒரு பறவைப் புத்தகத்தை எடுத்தார். அவர் சொந்தப் புத்தகம். மார்ஜின்ல எல்லாம் பேனாவுல தேதி. ரேடியோ சத்தத்தைக் குறைச்சார். அந்தக் காலை மூணு மணி நேரத்துல நாங்க நகர்ந்தது ரெண்டு கிலோமீட்டர் இருந்தா அதிகம்.

முதல்ல கண்ணுல பட்டது பனங்காடை. நம்ம ஊர் கரண்ட் கம்பில உட்கார்ந்திருக்குமே, அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி. நெஞ்சு மட்டும் ஊதாவும் ரோஸும் கலந்த நிறம், வால்ல ரெண்டு நீள இறகு. பறக்கும்போது றெக்கைல தெரியற அந்த நீலம் நம்ம ஊர்ல பார்த்த அதே நீலம். அப்புறம் ஆட்காட்டி. தலைல வெள்ளை வளையம் போட்ட இனம். எங்க ஊர் ஏரிக்கரைல "டிட்-யூ-டூ-இட்"டுன்னு ஆளைக் காட்டிக் கொடுக்குமே, இதுவும் அதே குணம், வண்டியைப் பார்த்ததும் தலைக்கு மேல வட்டமடிச்சு ஒரே கூப்பாடு.

கோரி பஸ்டர்ட் ஒண்ணு மெதுவா, நெஞ்சை நிமித்திட்டு, பஞ்சாயத்துக்குப் போற நாட்டாமை மாதிரி நடந்து போச்சு. ஆண் 18 கிலோ வரைக்கும் வரும், அதுக்கு மேல எடை இருந்தா பறக்கறது கஷ்டம். தங்கமணி பைனாகுலரை இறக்கவே இல்லை. அதோட சொந்தக்காரன் நம்ம கானமயில். இந்தியாவுல 150-தான் மிச்சம்னு கணக்கு, அதுலயும் ராஜஸ்தான்ல மின்கம்பில அடிபட்டுச் சாகுது. "இங்கே சும்மா ரோட்டோரமா போகுது பாரேன்"னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை அவ.

அப்புறம்தான் செக்ரட்டரி பேர்ட். கழுகு இனம், ஆனா கொக்குக் காலு. புல்லுக்குள்ள நடந்து நடந்து, பாம்போ ஓணானோ கண்ணுல பட்டா ஒரே உதை. தன் எடையைப் போல அஞ்சு மடங்கு விசையில உதைக்குதுன்னு 2016-ல அளந்து சொல்லியிருக்காங்க. நாங்க பார்த்தது எதையோ நாலு மிதி மிதிச்சு அப்படியே விழுங்குச்சு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே எங்கேயும் கிடையாது, 2020-ல இருந்து அழியும் ஆபத்துல இருக்கிற பட்டியல்ல இருக்கு. எங்க பின்னாடி வந்த மூணு வண்டி, நாங்க நிக்கறதைப் பார்த்து பிரேக் போட்டு, "என்ன?"ன்னு கேட்டு, பறவைன்னதும் புழுதியைக் கிளப்பிட்டுப் போயே போச்சு.

அவங்க போன பத்தாவது நிமிஷம் புல்லுக்குள்ள ரெண்டு பெரிய காது. செர்வல் பூனை. எலி சத்தத்துக்குக் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, செங்குத்தா ஒரு தாவு. எஞ்சின் ஆஃப், சுத்திலும் ஒருத்தரும் இல்லை. டிரைவர் கை தன்னால ரேடியோ பக்கம் போச்சு. பாதி வழில நின்னுது. எங்களைப் பார்த்தார். தங்கமணி தலையை மட்டும் ஆட்டினா, வேண்டாம்னு. அவர் கையை எடுத்து மடில வச்சுக்கிட்டார். அவருக்கு அது சும்மா இல்லைன்னு முதல் நாள் டீயிலேயே எனக்குத் தெரியும்.

பாறுகளைப் பத்திச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு எழுதினதுக்கே அர்த்தம் இல்லை. மூணாம் நாள் ஒரு செத்த வரிக்குதிரை மேல நாப்பது ஐம்பது இருக்கும். பக்கத்து வண்டில மூக்கைப் பொத்திக்கிட்டு "அய்ய" மாதிரி ஏதோ சொன்னாங்க, மொழி புரியலைன்னாலும் "அய்ய" எந்த ஊர்லயும் "அய்ய"தான். பசுவுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால நம்ம ஊர்ப் பாறு செத்துச்சு; வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல காலி. காரணம் 2004-ல நிரூபணமாகி 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. தமிழ்நாட்டுல இப்போ மாயாறு பக்கம் போனாப் பார்க்கலாம். அங்கே கதை வேற. மாட்டைச் சிங்கம் அடிச்சா, கோபத்துல செத்த மாட்டு மேல பூச்சிமருந்தைத் தெளிச்சுடறாங்க. யானையைச் சுடற கும்பல், மேலே பாறு வட்டமடிச்சா காவலர்களுக்குத் துப்பு கிடைச்சிடும்னே விஷம் வைக்குது. 2015-ல இருந்து அந்த ஊர் வெண்முதுகுப் பாறும் மிக அபாயப் பட்டியல்ல.

அதே 2015 டிசம்பர்ல, டிவில வந்து பேர் வாங்கின மாராவோட மார்ஷ் பிரைட் சிங்கங்களுக்கு இப்படித்தான் விஷம் வச்சாங்க. உலகம் பூரா செய்தி. அதே விஷத்துல பாறுகளும் செத்தன. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

"சிங்கம் பார்க்க வர்றவன் காசுலதானே பாறும் வாழுது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பூனைக்குன்னு வர்ற டாலர் இல்லைன்னா அந்தப் புல்வெளி எப்பவோ கோதுமை வயல் ஆகியிருக்கும். ரிசர்வைச் சுத்தி மசாய்க்காரங்க தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தற கன்சர்வன்சிகள்ல வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கு, வாடகை நேரா நிலக்காரங்களுக்குப் போகுது. அது நல்ல வழி. ஆனா எங்க பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. அதனால சிங்கம் பார்க்காதீங்கன்னு நான் சொல்லலை. நானும் பதினாலு பார்த்து வாயைப் பிளந்தவன்தான். வண்டி ஏறினதும் அதைக் கேட்காதீங்க. டிப்ஸை அதோட முடிச்சுப் போடாதீங்க. மீதியை டிரைவரே பாத்துப்பார். முதுமலை வேன்லயும் இதே கதைதானே, ஏறும்போதே "புலி வருமா?"

ஆறு நாள்ல தங்கமணி நோட்டுல 143 பறவை. நான் கடைசி நாள் டிப்ஸ் கொடுத்தப்போ, முதல் நாள் சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர், "எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க"ன்னார், வருத்தம் எதுவும் இல்லாம.

போன வாரம் வாட்ஸப்ல ஒரு படம் அனுப்பியிருந்தார். வேல மரத்து உச்சில தட்டையா ஒரு கூடு, அதுல நிக்குது செக்ரட்டரி பேர்ட். கீழே ஒரு கேள்வி: "மாமா, உங்க பாஷைல இதுக்கு என்ன பேர்?" எங்க ஊர்ல இல்லாத பறவைக்கு என்ன பேரைச் சொல்ல? காதுல பேனா செருகின மாதிரி கொண்டை இருக்கறதால குமாஸ்தாப் பறவைன்னு வைக்கலாம்ங்கறா தங்கமணி. கையைப் பின்னால கட்டிக்கிட்டு எங்க கியூபிக்கிளைச் சுத்தி வர்ற டேமேஜரை தினம் பார்க்கிற எனக்கு வேற பேர் தோணுது. இன்னும் பதில் அனுப்பலை.

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. வர்ட்டா?