பெங்குவின் ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?



போன இதழில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன், லினக்ஸ் போட்டு கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனிகள் எல்லாம் கட்டற்ற மென்பொருளின் காவலர்கள் என்று எழுதியிருந்தான். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பி, சண்டைக்கு வரலை, பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்! (மேலே இருக்கும் பெங்குவினை வரைந்தது என் பெஞ்ச் நண்பன். காக்கா மாதிரி இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம்.)

முதலில் ஒரு விஷயம். கட்டற்ற மென்பொருள்னா சும்மா கிடைக்கிற மென்பொருள் என்று அர்த்தம் இல்லை. மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமை இருக்க வேண்டும். இந்த இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டரும் காரணம் தெரியுமா? 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் வந்தது. பழைய பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புது பிரிண்டருக்கு மூலநிரலே தரவில்லை. நிரல் கையில் இருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். “தரமாட்டேன்னு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துட்டேன்” என்று அவர் கைவிரித்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். ஆக, ஹார்டுவேர்காரர்களோடு இந்தப் பஞ்சாயத்து லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

இப்போ லிங்க்சிஸ் கதைக்கு வருவோம். என் வாதத்துக்கு இதுதான் பெரிய சாட்சி. அந்த கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு வைஃபை ரூட்டர் சக்கைப் போடு போட்டது. 2003-ல் சிலர் நோண்டிப் பார்த்தால், உள்ளே ஓடுவது லினக்ஸ்! லினக்ஸின் ஜி.பி.எல். உரிமப்படி, அதைப் போட்டு விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். இவர்களோ மூச்சு விடவில்லை. பலரும் விடாமல் கேட்ட பிறகுதான் அந்த வருஷமே நிரலை வெளியிட்டார்கள். அதை வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் கிளம்பியது. இன்றைக்கும் எத்தனையோ கம்பெனிகளின் ரூட்டர்களில் அது ஓடுகிறது. கேட்டுக் கேட்டு வாங்கின நிரல்லதான் இவ்வளவும் முளைச்சுது!

கம்பெனி திருந்தியதா? 2005-ல் அதே ரூட்டரின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய மென்பொருளைப் போட்டார்கள். மெமரியும் 16 எம்.பி.யிலிருந்து 8 எம்.பி.யாகச் சுருங்கியது. செலவு மிச்சம்! லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் விற்றார்கள். 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, லிங்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மேல் வழக்கே போட வேண்டியதாயிற்று. 2009-ல் சமாதானம் ஆனார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூலநிரல் வந்தது சரி, பிராட்காம் சிப்பின் வைஃபை டிரைவர் மட்டும் பூட்டியபடியே வந்தது. டிரைவர் என்பது சிப்புக்கும் கெர்னலுக்கும் நடுவே நிற்கும் துபாஷி மாதிரி. அந்தத் துபாஷிக்கு 2.4 கெர்னலின் பாஷைதான் தெரியும். அதனால் கெர்னல் 2.6-க்கு வளர்ந்த பிறகும் இந்த ரூட்டர்கள் ரொம்ப நாள் பழையதிலேயே கட்டுண்டு கிடந்தன. பிராட்காம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது 2010-ல்தான்.

எங்க வீட்டிலேயே இது நடந்தது. சித்தப்பா வாங்கின பிரிண்டரின் அட்டைப்பெட்டியில் லினக்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மூடிய டிரைவர். சிஸ்டத்தைப் புதுப்பித்ததும் ஸ்கேனர் படுத்துவிட்டது. கேட்டால், “அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுது, புதுசு வாங்கிக்கங்க” என்றார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை! இப்போது அதன்மேல் சித்தி பூந்தொட்டி வைத்திருக்கிறார்.

கிராபிக்ஸ் கார்டு கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2012-ல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது, தலைமையாசிரியர் படிப்பார்! 2022-ல் அந்த கம்பெனி கெர்னல் பகுதி டிரைவரைத் திறந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் குடா போன்ற மேல்பகுதிகள் திறக்கவில்லை. இரகசியத்தில் பெரும்பங்கு கார்டுக்குள் இருக்கும் பர்ம்வேருக்குக் குடிபோய்விட்டது. ஏ.எம்.டி. 2007-லேயே சிப்பின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. அதனால் வெளியாட்களும் டிரைவர் எழுத வந்தார்கள். அங்கேயும் பர்ம்வேர் மூடித்தான் இருக்கிறது, என்றாலும் நிலைமை எவ்வளவோ மேல்.

“அப்போ எல்லாருமே மோசமா அண்ணா?” என்று தம்பி கேட்கலாம். இல்லை. அமெரிக்காவில் டென்வர் நகரில் 2005-ல் ஆரம்பித்த சிஸ்டம்76, தன் லேப்டாப் சிலவற்றில் பயாஸ் இடத்திலேயே கோர்பூட் என்ற திறந்த பர்ம்வேரைப் போட்டு விற்கிறது. தான் எழுதும் காஸ்மிக் டெஸ்க்டாப்பையும் ஜி.பி.எல்.-லேயே கொடுக்கிறது. விலை நம்ம ஊர்ச் சம்பளத்துக்குக் கட்டாது, அது வேற விஷயம்.

லாபத்துக்காகத்தானே செய்கிறார்கள் என்று அவர்களையும் குறை சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. கடை வைத்தால் லாபம் பார்க்கத்தான் செய்வார்கள். அவர்கள் மனசு எனக்கெதற்கு? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கே அந்த கம்பெனி இழுத்து மூடிட்டா, நான் வாங்கின மெஷின் ஓடுமா? நிரலும் ஆவணமும் வெளியே இருந்தால் ஓடும், யாராவது ஓட வைப்பார்கள். இல்லையென்றால் அதோ கதிதான், பெட்டியில் எத்தனை பெங்குவின் அச்சடித்திருந்தாலும்!

நம் பள்ளிக் கணினி அறைக்குப் புதிதாக யூஎஸ்பி வைஃபை வாங்கப் போவதாகக் கேள்வி. கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷன் வரும்போது கம்பெனி பெயரோடு விட்டுவிடாமல், உள்ளே இருக்கும் சிப்பின் பெயரையும் எழுதி வாங்குங்கள் சார். ஒரே மாடல் பெயரில் சத்தமில்லாமல் சிப்பை மாற்றி விற்பதும் உண்டு. பெயர் கிடைத்தால், அதற்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா என்று நாங்கள் நாலு பேர் தேடிப் பார்த்துச் சொல்கிறோம். ஒரு பி.டி. பீரியட் போதும்.

– பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்