விபத்தும் விதியும்

சென்ற மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தது. இறந்தவன் 17 வயதுப் பையன். தகப்பனார் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய் லாரியின் பின்புறத்தில் மோதியிருக்கிறான். லைசென்ஸ் கிடையாது, அவ்வயதில் அந்த வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்கவும் கிடைக்காது. தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது. அங்கு கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும், படித்தவர் படியாதவர் என்ற வித்தியாசமில்லாமல், ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அவன் விதி முடிந்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?"

நமது பாஷையில் விதி என்ற ஒரே சொல் இரண்டு காரியங்களுக்கு வழங்கி வருகின்றது. ஒன்று பிரமன் மண்டையில் எழுதியதாம். மற்றொன்று சர்க்கார் சட்டப் புத்தகத்தில் எழுதியது. முன்னதை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் நம்புகின்றார்கள். பின்னது அச்சிட்டு விற்கப்படுகின்றது. ஆனால் ஒருவரும் படிப்பதில்லை. அந்தப் பையன் மீறியது பின்னதையே ஒழிய முன்னதையல்ல.

விதிதான் கொல்லுகின்றது என்பது உண்மையானால் அது கணக்குப் பார்த்துக் கொல்லுவானேன் என்று கேட்கின்றோம். 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் நடந்த சாலை விபத்துக்கள் 4,61,312. அவற்றில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே சொல்லுகின்றது. இதில் 100க்கு 71 பேர் அளவு மீறிய வேகத்தால் வந்த விபத்தில் செத்திருக்கின்றார்கள். 100க்கு 66 பேருக்கு மேல் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். பிரமன் என்ன, வேகமாகப் போகின்ற வாலிபர்களின் மண்டையாகத் தேடித் தேடி எழுதினானா? அவ்வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் நமது தமிழ்நாடுதான் எல்லா மாகாணங்களுக்கும் முதலாவதாக நின்றது, 64,105 விபத்துக்கள். கோயில் எண்ணிக்கையில் நாம் யாருக்கும் குறைந்தவர்களல்ல என்பதையும் இவ்விடத்தில் ஞாபகப்படுத்திக் கொள்ளுவது நல்லது.

வண்டி வாங்குகின்ற நமது ஜனங்களின் யோக்கியதையைப் பாருங்கள். கடையிலிருந்து நேரே கோயிலுக்கு ஓட்டிக் கொண்டு போகின்றார்கள். சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் ஆன பிறகு சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்கள். அர்ச்சகருக்குத் தட்சணை கொடுக்கும்போது பேரம் கிடையாது. ஆனால் தலைக்கவசம் வாங்கும்போது மாத்திரம் சாலையோரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத மலிவுச் சரக்காகப் பார்த்துப் பேரம் பேசுகின்றார்கள். இந்த யந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் மந்திரம் சொல்லிக் கண்டுபிடிக்கவில்லை. செய்து விற்பவனோ, பிரேக்கை எப்படிப் பார்ப்பது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று ஒரு புத்தகமே சேர்த்துக் கொடுக்கின்றான். அந்தப் புத்தகம் பிரிக்கப்படாமலே கிடக்கின்றது. ஆயுத பூசையன்று திருஷ்டி கழிப்பதாகச் சொல்லி நடு ரோட்டில் பூசணிக்காயை உடைத்துவிட்டுப் போகின்றார்கள். பின்னால் வருகிறவன் அதன் மேல் ஏறி வழுக்கி விழுகின்றான். இவனுடைய திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அவனுடைய முழங்கால் கழிந்தது பிரத்தியட்சம்!

"எலுமிச்சம்பழம் வைத்துத்தான் பத்து வருஷமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று சில தோழர்கள் சொல்லக் கூடும். எலுமிச்சம்பழம் வைத்தும் செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை; ஆதலால் அந்தக் கணக்கு எப்போதும் பழத்துக்குச் சாதகமாகவே முடிகின்றது.

நிற்க, வாலிபர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகின்றது. கைத்தொலைபேசியை மூன்றே விநாடி குனிந்து பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமானம். வேகத்தை 40லிருந்து 80 ஆக்கினால் பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க ஆகும் தூரம் இரண்டு பங்கு ஆவதில்லை, நான்கு பங்கு ஆகின்றது. இது வேதத்திலோ புராணத்திலோ சொல்லப்பட்டதல்ல. பள்ளிக்கூடப் பௌதிகப் பாடத்தில் இருப்பது. பரீட்சையில் இதற்கு விடை எழுதி மார்க்கு வாங்கிய பையன், வாசலுக்கு வந்து வண்டியில் உட்கார்ந்தவுடன் மறந்துவிடுகின்றான். ஏனென்றால் வேகமாகப் போவது ஆண்மை என்று சினிமாவும் சிநேகிதர்களும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள். ஆண்மையாவது, மண்ணாங்கட்டியாவது! வலது கையைக் கொஞ்சம் முறுக்குவதில் என்ன ஆண்மை இருக்கிறது? குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பற்றி எழுதவே நமக்கு இஷ்டமில்லை.

அந்த 2022ஆம் வருஷத்தில் தலைக்கவசம் இல்லாமல் செத்தவர்கள் மாத்திரம் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் ஓட்டியவர்களல்ல, பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். ஓட்டுகிற ஆண் தலையில் கவசம் இருக்கிறது. பின்னால் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் தாயார் தலையிலோ மனைவி தலையிலோ பூ மாத்திரமே இருக்கிறது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் கவசம் அணிய வேண்டும், பட்டையையும் இறுகப் பூட்ட வேண்டும் என்பதே சட்டம். போலீசார் அபராதம் போடுவார்கள் என்று பயந்து தன் தலைக்கு மாட்டிக் கொண்டவன், பெண்டாட்டியின் தலைக்கு மாட்டாததற்குக் காரணம் என்ன? அவள் தலை உடையாதா? பெண்ணின் தலையைத் தலையாகவே மதியாத பழைய புத்திதான் மோட்டார் ஏறியும் வருகின்றது என்றே சொல்லுவோம்.

இதில் பெற்றோர்களின் குற்றமே பெரிது. 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டியைத்தான் ஓட்டலாம். மற்றவைகளுக்கு 18 முடிய வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ தடுக்க முயன்றும் முடியவில்லை என்றோ ருஜுப்படுத்தாத தகப்பனாருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. பையன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, "என் பிள்ளை என்னமாய் ஓட்டுகிறான் பார்" என்று பெருமை பேசுகிற தகப்பனார் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெண் பிள்ளை சைக்கிள் கேட்டால் காலம் கெட்டுக் கிடக்கிறது என்கிறவரும் இவர்தான்.

சாலை சரியில்லை, விளக்கு இல்லை, லாரிகளைக் கண்ட இடத்தில் நிறுத்துகிறார்கள் என்றால் அதெல்லாம் வாஸ்தவமே. 500 மீட்டருக்குள் மூன்று வருஷத்தில் பத்துப் பேர் செத்தால் அந்த இடத்தைச் சீர்திருத்த வேண்டிய இடமாகச் சர்க்கார் கணக்கில் எழுத வேண்டும். நமது ஜனங்களோ அதே இடத்தை, முனி காவு கேட்கிற இடம் என்று சொல்லி ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிடுகின்றார்கள். அதோடு எஞ்சினீயர் தப்பித்துக் கொள்ளுகிறார். அவரை விடாமல் பிடித்துக் கேட்க வேண்டியதுதான். ஆனால் சர்க்கார் ரோட்டைச் சரி செய்கிற வரையில் குழியில் 80 மைலில் போவேன் என்பது நியாயமாகாது. எதிரே நடந்து வருகிற கூலிக்காரருக்குக் கவசமும் இல்லை, சக்கரமும் இல்லை. 2022இல் அப்படி நடந்து போய்ச் செத்தவர்கள் 32,825 பேர். அவர்கள் செய்த தவறு என்ன?

துக்க வீட்டில் நாம் விடைபெற்றுக் கொள்ளும்போது ஒரு பெரியவர், வண்டியைப் பழுது பார்த்து, தோஷம் கழித்து, இளையவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லிக் கொண்டிருந்தார். இளையவனுக்கு 15 வயது. தகப்பனார் மறுத்துச் சொல்லாமல் கேட்டுக் கொண்டிருந்தார். வண்டியை விற்றுவிடும்படி அவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டு வந்தோம். கருமாதிக்குள் மறுபடியும் போய்ச் சொல்லுவதாக உத்தேசம்.