பாடசாலைப் பாதுகாப்பிற் பெற்றாரின் பங்கு

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பகலுக்குச் சற்று முன்னர், நமது தமிழ்ப் பாடசாலை இயங்கும் வாடகைக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணி ஒலித்தது. சமையலறையில் உணவு சூடாக்கியபோது எழுந்த புகையே காரணம் என்பது பின்னரே தெரிந்தது. அவ்வேளை நான் நான்காம் வகுப்பிற்கு வேற்றுமை உருபுகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்குமுன்னரே பிள்ளைகள் எழுந்து கதவருகே வரிசையாக நின்றுவிட்டார்கள். வாரநாட் பாடசாலையில் அவர்களுக்கு இது பழகிய காரியம். பழகாதவர்கள் பெரியவர்களாகிய நாங்களே.

மண்டபத்திற் காத்திருந்த பெற்றார் பலர், வெளியே செல்வதற்குப் பதிலாகத் தத்தம் பிள்ளைகளைத் தேடி வகுப்பறைகளை நோக்கி ஓடிவந்தனர். படிக்கட்டில் இறங்குவோரும் ஏறுவோரும் முட்டிக்கொண்டனர். வாயிலின் குறுக்கே மூன்று கார்கள் நின்றன. தீயணைப்பு வண்டி வந்திருந்தால் நுழைய வழி இருந்திராது. மைதானத்தில் வரவு இடாப்பைப் பார்த்து எண்ணியபொழுது ஒரு சிறுவனைக் காணவில்லை. தாயின் தொலைபேசி எண் எப்போதோ கைவிடப்பட்ட எண். இருபது நிமிடங்களின் பின்னரே, அவனுடைய மாமா முதற்பாடம் முடிந்ததும் அவனைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றுவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. அவர் எவரிடமும் சொல்லிச் செல்லவில்லை. அந்த இருபது நிமிடங்களைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

யாரையும் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டிற் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நான் கணித ஆசிரியனாக இருந்தேன். போர் மீண்டும் மூண்ட அவ்வாண்டிலே, எங்கள் பாடசாலை வளவிற் பதுங்கு குழிகளை வெட்டியவர்கள் ஆசிரியர்களல்லர், பெற்றார்களே. தந்தையர் மண்வெட்டியோடு வந்தனர். பனங்குற்றிகளை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து மேலே பரப்பினர். தாய்மார் உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கினர். மழை பெய்த மறுநாட் காலையிற் குழிக்குள் தண்ணீர் நிற்கின்றதா, பாம்பு புகுந்துள்ளதா என்று விளக்குப் பிடித்துப் பார்ப்பதற்குக்கூட ஒரு தாயார் முறைவைத்து வந்தார். எந்த வகுப்பு எந்தக் குழிக்குச் செல்வது என்பது முதலாம் ஆண்டுக் குழந்தைக்கும் மனப்பாடம். 1995ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் நாகர்கோவிற் பாடசாலையில் விமானக் குண்டுகளுக்கு மாணாக்கர் பலியானதை அறிந்த பெற்றார்கள் அவர்கள். பாடசாலையின் பாதுகாப்பு யாருடைய வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை.

அத்தகைய மக்களாகிய நாமே இன்று, "செல்லடிக்குள் இருந்து வந்த எங்களுக்கு இந்த மணி ஒரு பொருட்டா, மாஸ்ரர்?" என்று சிரிக்கின்றோம். எனது கருத்து இதற்கு நேர்மாறானது. போர் நமக்குக் கற்பித்த பழக்கங்களே தீயின் முன் நம்மைத் தவறான வழியிற் செலுத்தக்கூடியவை. செல் வரும்போது உள்ளே புகுந்து, குனிந்து, சத்தம் ஓயும்வரை காத்திருக்கப் பழகினோம். தீயிலோ காத்திருத்தல் ஆகாது. புகை வந்து சேருமுன் வெளியேறிவிடல் வேண்டும். ஓடும்போது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் உள்ள பையை எடுக்காமற் போனதில்லை. இங்கே பையை எடுக்கத் திரும்பிச் செல்வதே பேராபத்து. பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு போகும் வழக்கமும் அப்படியே. ஆசிரியர் எண்ணி முடிக்குமுன் ஒரு பிள்ளை காரில் ஏறிவிட்டால், அப்பிள்ளையைத் தேடி இன்னொருவர் புகைக்குள் நுழைய நேரிடும்.

2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் கும்பகோணத்திற் பாடசாலைச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொன்றது. நமது கட்டடத்திற்குக் கீற்றுக் கூரை இல்லை. ஆயினும் சமையலறை இருக்கின்றது. விழா நாட்களில் அதனுள் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். பின்கதவை அடைத்து நாற்காலிகளை அடுக்குவோரும் நம்மவரே.

பெற்றாரிடம் நான் வேண்டுவது முதலில் ஒரு படிவத்தை. சென்ற தவணையில் வீட்டுக்கு அனுப்பிய படிவங்களுட் பல வெறுமையாகவே திரும்பி வந்தன. காரணம் சோம்பல் என்று நான் எண்ணவில்லை. பெயரும் முகவரியும் பதிந்து கொடுத்தால் இரவிற் கதவு தட்டப்படும் என்று அஞ்சி வாழ்ந்தவர்கள் நாம். இன்றும் எந்தப் படிவத்தைக் கண்டாலும் என் கை ஒரு கணம் தயங்கும். எனினும் இந்தப் படிவம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். தேவைப்படும் நாளில் மாத்திரமே திறக்கப்படும். அதிலே வழக்கிலுள்ள எண்ணை எழுதுங்கள். சனிக்கிழமையிற் கடையிலோ எரிபொருள் நிலையத்திலோ வேலை செய்வோர் கைத்தொலைபேசியை எடுக்க இயலாதிருக்கலாம். ஆதலால் அரைமணி நேரத்துள் வரக்கூடிய இன்னொருவரின் எண்ணும் வேண்டும்.

பிள்ளையின் நோயை மறையாது எழுதுங்கள். வலிப்பு என்று எழுதினால் ஊர் கதைக்கும் என்ற அச்சத்தால் ஒரு தாயார் அதனை இரண்டாண்டுகள் எங்களிடம் மறைத்திருந்தார். கச்சான் ஒவ்வாத பிள்ளைகளும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். அவசரத் தேவைக்கு ஆஸ்துமா மருந்தை 2014 முதலும், ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை 2017 முதலும், மருத்துவரின் சீட்டின்றி வாங்கி வைத்திருக்க இங்கிலாந்துப் பாடசாலைகளுக்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் வாரநாட் பாடசாலை அவற்றை வைத்திருந்தாலும், சனிக்கிழமையில் அந்த அலுமாரி நமக்குத் திறக்காது. பிள்ளையின் மருந்து தமிழ்ப் பாடசாலைப் பையிலும் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. 999 எண்ணை அழைத்தால் எந்தச் சேவை வேண்டும், எங்கே வேண்டும் என்று கேட்பார்கள். இந்தக் கட்டடத்தின் அஞ்சற் குறியீட்டைச் சென்ற கிழமை பன்னிரண்டு பெரியவர்களிடம் கேட்டேன், இருவருக்கே தெரிந்திருந்தது. அதனை நீங்கள் மனப்பாடம் செய்து வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். வருமுன் காத்தலைப் பற்றிய 435ஆவது குறளைப் பேச்சுப்போட்டியில் நீங்கள் அழகாக ஒப்புவித்தபோது மண்டபமே கைதட்டியது. நெருப்பின் முன் வைக்கோற்போர் என்ற அதன் உவமையைக் கேட்டுக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு, தமக்கு மிக அருகிலிருந்த வெளியேறும் கதவு எது என்று தெரிந்திருக்கும்?

அடுத்த தவணையின் இரண்டாவது சனிக்கிழமையில் ஒத்திகை நடைபெறும். அன்று பெற்றாரும் மண்டபத்தில் இருந்து, மணி கேட்டதும் வகுப்பறைப் பக்கம் திரும்பாமல் மைதானத்திற்கு நடந்து வரவேண்டும். வாயிலைக் கார்களின்றி வைத்திருக்க இருவரும், சிறு வகுப்புகளுக்குத் துணையாக நால்வரும் தேவை. உங்களுள் தாதியராகப் பணிபுரிவோர் உளர். முதலுதவிப் பெட்டியை அவர்கள் ஒருமுறை பார்த்துத் தந்தால் நன்று. அதிலுள்ள களிம்பின் காலம் எப்போது முடிந்ததென்று எழுத எனக்கு வெட்கமாயிருக்கின்றது.

படிவங்கள் இன்று மண்டப வாயிலிலுள்ள மேசையில் இருக்கும். விழா முடியும்வரை நான் அங்கேயே நிற்பேன். பேனாவும் கொண்டுவருகின்றேன்.