கடற்கரை வாக்குகளையும் கூட்டிப் பாருங்கள்

மாண்புமிகு ஒன்றியச் சட்ட அமைச்சர் அவர்களுக்கு,

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலிலிருந்து எழுதுகிறேன். முகத்துவாரத்தில் மணல் ஏறினால் ஒரு மனு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தாமதமானால் ஒரு மனு என்று, ஆட்சியில் இருப்பவர் யார் எனப் பார்த்துப் பார்த்தே மனு எழுதிப் பழகிய கடற்கரை இது. ஆட்சி மாறுவதில் எனக்கு வருத்தமில்லை, மாறத்தான் வேண்டும். ஆனால் மக்கள் மனம் ஒரு சாண் நகர்ந்தால் சட்டப்பேரவை பல முழம் புரண்டுவிடுகிறது.

1967-ஐப் பாருங்கள். தமிழ்நாட்டில் காங்கிரஸ் வீழ்ந்த அந்தத் தேர்தலில் அக்கட்சி வாங்கிய வாக்கு சுமார் 41 விழுக்காடு. தி.மு.க. வாங்கியதும் ஏறக்குறைய அதே அளவுதான். இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. அண்ணா கட்டிய கூட்டணியின் வலிமை அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1991-இல் 22 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்ற தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். கருணாநிதியும் பதவி விலகிவிட, எழும்பூரின் பரிதி இளம்வழுதி அக்கட்சிக்காகத் தனியாளாய்ப் பேரவையில் வாதாடினார். 1996-இல் அதே கதி அ.தி.மு.க.வுக்கு: சுமார் 21 விழுக்காடு வாக்கு, நான்கு இடங்கள். ஐந்து பேரில் ஒருவருடைய வாக்கு இப்படி ஏறத்தாழ இல்லாமலே போகிறது. எங்களுக்குத் தெற்கே இராதாபுரத்தில் 2016-இல் வெற்றி தோல்வியைப் பிரித்தவை 49 வாக்குகள். முடிவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை தீரவில்லை.

வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கடலுக்கு அக்கரையில் பார்த்தோம். 1977-இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குக்கு 168 இடங்களில் 140-ஐ அள்ளியது. 30 விழுக்காட்டை ஒட்டி வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டு. அதைவிட மிகக் குறைந்த வாக்கோடு, வடக்கு கிழக்கில் செறிந்து நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தடுக்க ஆளில்லாத அந்தப் பெரும்பான்மையை வைத்து ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்த்தனா புதிய அரசியலமைப்பை இயற்றினார்; 1982-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அதே நாடாளுமன்றத்தின் ஆயுளையும் நீட்டிக்கொண்டார். அடுத்த பொதுத்தேர்தல் 1989-இல்தான் வந்தது. நடுவே தமிழர்களுக்கு எதிரான 1983 வன்முறை வந்து போனதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அரசியலமைப்பிலேயே, வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறையும் வந்தது. அது பெரிய வெற்றியைத் தடுப்பதில்லை: 2024-இல் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடம் பெற்றது. ஆனால் அதற்கு 61 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு தேவைப்பட்டது.

விகிதாசாரம் வந்தால் ஆட்சி ஆட்டம் காணும் என்பார்கள். ஆனால் 2006-இல் தனிப்பெரும்பான்மை இல்லாமல் 96 இடங்களோடு அமைந்த தி.மு.க. ஆட்சி, தோழமைக் கட்சிகளின் ஆதரவில் ஐந்தாண்டும் ஓடியது.

எனக்கு இதில் ஊர்க்கவலையும் உண்டு. தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர், 14 மாவட்டங்கள். அதை ஒட்டிய தொகுதிகளில் மீனவர் கரையோரத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டுமே. திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை எத்தனை பேர் ஒரே கோரிக்கைக்கு வாக்களித்தாலும், அந்த வாக்குகள் எங்கும் ஒன்றுசேர்வதில்லை.

தொகுதி முறையை ஒழிக்கக் கேட்கவில்லை. எங்கள் எம்.எல்.ஏ. இவர் என்று வழிமறித்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். 1999-இல் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் ஒரு வழி சொன்னது: மக்களவை இடங்களைக் கால்பங்கு கூட்டி, கூட்டியவற்றைக் கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்து நிரப்பலாம் என்று. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் பங்கு குறையக் கூடாது என்பது தனி வழக்கு; அதில் நான் என் மாநிலத்தோடு நிற்கிறேன். ஆனால் இடங்களைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது அந்த அறிக்கையையும் ஒரு நாடாளுமன்றக் குழுவின் முன் வையுங்கள். சட்டப்பேரவைகளுக்கும் அதே முறையைப் பரிசீலியுங்கள். கருத்துக் கேட்பு நடத்தும்போது தூத்துக்குடியிலும் ஓர் அமர்வு நடக்கட்டும். வந்து பேச எங்கள் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
புன்னக்காயல் வாக்காளர் ஒருவர்